கண்மாய் உடைந்தால் மழைதான் குற்றவாளியா?

ஐப்பசி மழையில் வைகைச் சமவெளியில் ஒரு கண்மாய் உடைத்துக்கொண்டு வயலும் வீடும் மூழ்கினால், ‘இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?’ என்ற பதில்தான் முதலில் வரும். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் ஒரு லத்தீன் பெயர் உண்டு: ‘விஸ் மேஜர்’, மனிதரால் தாங்க முடியாத பெருவிசை. இத்தகைய விசையால் விளைச்சல் அளவுமீறி அழிந்தால் அந்த நஷ்டத்தைக் குத்தகைதாரர் தலையில் கட்டக் கூடாது என்றார் 2ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் கேயஸ். எளியவரைக் காக்க வந்த அந்த வாதத்தைப் பொறுப்பில் இருப்பவர்களும் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

1687இல் லத்தீனில் ‘பிரின்சிபியா’ எழுதிய நியூட்டனும் ‘விஸ்’ என்றே பேசினார். வெளியிலிருந்து ஒரு பொருளைத் தள்ளி அதன் நிலையை மாற்றுவது ‘விஸ் இம்ப்ரெஸ்ஸா’. மாற்றத்துக்கு இடங்கொடாத பொருளின் இயல்பு ‘விஸ் இனர்ஷியே’. இங்கே குற்றம் கிடையாது, அளவு மட்டுமே. கரையோரம் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளக் கரையையும் சுமார் 2 டன் எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. 4 மீட்டருக்கு ஏறினால் அது 8 டன். கண்மாய் எத்தனை ஏக்கர் என்பது கணக்கிலேயே வராது, ஆழம்தான் எல்லாம். மழை நம் கையில் இல்லை, ஆழம் ஓரளவு இருக்கிறது. வண்டல் தூர்ந்த கண்மாயில் அதே மழைக்கு மட்டம் சீக்கிரம் ஏறும். உபரிநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டாலோ, மறுகால் ஓடும் வாய்க்காலில் கட்டடம் எழுந்தாலோ ஏறிய மட்டம் இறங்காது. வானத்தைக் கைகாட்டுகிறவர் அந்தப் பெருவிசையில் ஒரு பங்கைத் தானே சேர்த்திருக்கக் கூடும்.

அப்படியானால் கண்மாய் வைத்திருப்பவர்கள் நஷ்டஈடு கட்டியே அழிவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 1874இலேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதைச் சந்தித்தது. அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில்பாதை சேதமாக, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. தேக்கிய நீர் வெளியேறினால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அதை இங்கே அப்படியே பொருத்த பிரிவி கவுன்சில் மறுத்தது. ஏரிகள் பழங்காலந்தொட்டு ஊராரின் பிழைப்புக்காக இருப்பவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, கவனக்குறைவு இல்லாதவரைத் தண்டிக்க முடியாது என்றது. ஏரிப் பாசனத்தை நம்பிய நாட்டுக்குப் பொருத்தமான தீர்ப்பு. ஆனால் பேணியவருக்குத்தான் அந்த விலக்கு. தூர் வாராமல் விட்டவர் அதில் ஒண்ட முடியாது.

சட்டத்தின் விசை வேறு, இயற்பியலின் விசை வேறு, இரண்டையும் ஏன் கலக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. அதற்கு ஓர் உதாரணமும் உண்டு. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நாகர்கோவில் பேருந்து நிலையக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், கொரோனா முழு ஊரடங்கையே இத்தகைய பெருவிசையாகக் கருதி அந்தக் காலத்து உரிமக் கட்டணத்திலிருந்து விலக்களித்தது. அங்கே எதையும் எதுவும் தள்ளவில்லை, அளக்கவும் ஒன்றுமில்லை. கண்மாய் விஷயம் அப்படியல்ல, அங்கே அளவுகோல் இருக்கிறது. ஆகவே உடைப்பு வழக்கில் ‘விஸ் மேஜர்’ என்று வாதிடுபவர் கடைசியாகத் தூர் வாரிய ஆண்டையும், கலிங்கின் நிலையையும், உடைந்த நாளின் நீர்மட்டத்தையும் முதலில் காட்டட்டும். காட்ட முடியாதவரின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது.