தற்செயலும் கணக்கும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பருவக்காற்று நுழைந்து தென்காசியில் சாரலாகத் தூவும்போது, குற்றால அருவிகளை நாடிப் பல்லாயிரவர் திரள்கின்றனர். நெடுநாள் காணாத நண்பரை அக்கூட்டத்தில் எதிர்கொள்பவர், 'என்னே தற்செயல்!' என வியக்கிறார். மலைக்கு அப்பால் கேரளத்தில் விற்கும் பரிசுச்சீட்டை வாங்குபவர், 'யாருக்கோ விழுவது நமக்கு விழாதா?' என ஆசைப்படுகிறார். மலைமேல் கருமேகம் கண்டும் அருவியில் நிற்பவர், 'இன்றைக்கா வெள்ளம் வரப்போகிறது?' என அலட்சியம் கொள்கிறார். இவ்வியப்பு, ஆசை, அலட்சியம் ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றே. நிகழக்கூடியவற்றை எண்ணிப் பார்க்காமல் மனம்போன போக்கில் மதிப்பிடுவதே அது.

எண்ணிப் பார்க்கும் முறைக்கு நிகழ்தகவு என்று பெயர். ஒத்த வாய்ப்புடைய மொத்த நிகழ்வுகளுள் நாம் கருதும் நிகழ்வு எத்தனை என்பதே அதன் அடிப்படை. பகடையில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்பது இதன் எளிய சான்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, எழுத்துகள் எத்தனை முறை பயில்கின்றன என எண்ணியே மறைமொழிக் கடிதங்களை உடைக்கும் வழியைக் காட்டினார். 1654இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலும் ஃபெர்மாவும் பந்தயப் பணத்தைப் பங்கிடும் சிக்கல் குறித்து எழுதிக்கொண்ட மடல்களிலிருந்து இத்துறை தனிக் கணிதமாக வளர்ந்தது.

முதலில் வியப்பை நோக்குவோம். குற்றாலத்துக்கு ஒரு வேனில் 23 பேர் செல்வதாகக் கொள்வோம். அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். ஆண்டுக்கு 365 நாள்கள் இருக்க இஃதெப்படி என ஐயுறலாம். 23 பேரை இருவர் இருவராக இணைத்தால் 253 இணைகள் கிடைக்கின்றன என்பதே விடை. ஆனால் அவ்வேனில் உள்ள குறிப்பிட்ட ஒருவரின் பிறந்தநாளே மற்றவருள் ஒருவருக்கும் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஆறளவே. 'எவருக்கேனும்' என்பதும் 'இன்னாருக்கு' என்பதும் முற்றிலும் வேறான வினாக்கள். திரளான கூட்டத்தில் எங்கோ ஓர் அரிய சந்திப்பு நேர்வதில் வியப்பில்லை, நேராதிருந்தால்தான் வியப்பு.

இவ்வேறுபாட்டை மறப்பதே பரிசுச்சீட்டு ஆசையின் தோற்றுவாய். தமிழக அரசு 2003இல் லாட்டரி விற்பனையைத் தடைசெய்தது. கேரள அரசோ 1967 முதல் அதற்கெனத் தனித்துறையே நடத்துகிறது. தென்காசியினருக்கு அந்த எல்லை அருகிலேயே உள்ளது. சூதை மார்க்கம் விலக்கியிருப்பதை வாசகர் அறிவர். ஈண்டுக் கணக்கு சொல்வதை மட்டும் காண்போம். 2024ஆம் ஆண்டின் ஓணம் பம்பருக்கு முதற்பரிசு 25 கோடி ரூபாய். சீட்டின் விலை 500 ரூபாய். விற்றவை 70 லட்சத்துக்கும் மேல். முதற்பரிசை அத்தனை சீட்டுகளுக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 36 ரூபாயும் தேறாது. பிற பரிசுகளும் உண்டெனினும், மொத்தப் பரிசுத்தொகை விற்பனைத் தொகையைவிடக் குறைவாகவே அமையும்; இல்லையேல் நடத்துவோருக்கு வருவாய் ஏது? ஆண்டுக்கொரு சீட்டாக 50 ஆண்டுகள் வாங்குபவர் 25,000 ரூபாய் செலவிட்ட பின்னும், முதற்பரிசுக்கான அவர் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை லட்சத்தில் ஒன்றுதான். யாரோ ஒருவருக்கு விழுவது உறுதி. இன்னாருக்கு விழாது என்பதும் ஏறத்தாழ அதே அளவு உறுதி. 'நெடுநாளாக வராத எண் இனி வந்தே தீரும்' என்பாரும் உளர். குலுக்கும் பொறிக்கு நினைவு கிடையாது. நேற்றைய எண் இன்றைய எண்ணை அறியாது.

அலட்சியமோ இதற்கு நேர்மாறான பிழை. ஒரு நாளில் திடீர் வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என விளக்கத்துக்காகக் கொள்வோம். 90 நாள் பருவத்தில் ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு என்ன? வராதிருக்கும் வாய்ப்பான நூற்றில் 99ஐ 90 முறை தன்னோடு பெருக்க, நூற்றில் 40 எஞ்சுகிறது. ஆக, வரும் வாய்ப்பு நூற்றில் 60. நாளொன்றுக்கு அற்பமாகத் தோன்றுவது, பருவம் முழுமைக்கும் பாதிக்கு மேலாகிறது. மேலும், குலுக்கல் பொறிபோலன்றி மலைக்கு நினைவு உண்டு. முந்திய நாள்களின் மழையில் ஊறிய நிலம், மேலும் பெய்யும் நீரை உறிஞ்சாது ஓடையில் விடுகிறது. ஆகவே நேற்றைய மழை இன்றைய ஆபத்தைக் கூட்டுகிறது. அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே மலையுச்சியில் கொட்டிய மழை அருவிக்கு வந்து சேர்தலும் உண்டு. 2024 மே 17 அன்று, சாரல் பருவம் தொடங்குமுன்பே, பழைய குற்றாலத்தில் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுசென்றது.

பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கின்றனர். பல நாள்களில் தடைக்குப் பின் தீங்கேதும் நேராதிருக்கலாம். அதனால் தடை வீண் என்று ஆகிவிடாது. ஒரு முடிவின் தகுதியை அன்றைய விளைவால் மட்டும் அளத்தல் முறையன்று. இழப்பின் அளவையும் வாய்ப்போடு சேர்த்தே எண்ண வேண்டும். குளியல் ஒன்று தவறினால் நாளை மீட்கலாம், உயிர் அவ்வாறன்று. சிறு வாய்ப்பைப் பெரிதென நம்பிப் பொருளை இழப்பதும், சிறு வாய்ப்பை இல்லையெனக் கொண்டு உயிரை இழப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். நாளை நிகழ்வதை நாம் அறியோம். எனினும் எண்ணிப் பார்த்து நடக்கும் அறிவு நமக்கு அளிக்கப்பட்டுள்ளது.