கசிவும் அடைப்பும்

தெளிந்த நீர் யாவும் நல்ல நீர் ஆகிவிடாது. கண்ணாடிக் குவளையில் பளிங்குபோல் தோன்றும் நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத உப்புகள் கலந்திருத்தல் கூடும். அவற்றுள் ஒன்று புளோரைடு. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக நல நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மிகுந்த நீரை இளமை முதல் பருகுவோர்க்குப் பற்களிற் கறை தோன்றும். மேலும் மிகுந்தால் எலும்புகளும் கேடுறும். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் இக்குறை உண்டு. ஆதலின், நீரை அளந்தறிதல் இன்றியமையாத பணியாகும்.

இப்பணிக்கு உதவும் கருவிகளுள் ஒன்று அயனி வண்ணப்பிரிகைக் கருவி. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டௌ வேதியியல் நிறுவனத்தைச் சார்ந்த ஹாமிஷ் ஸ்மால் என்பவரும், அவருடன் பணியாற்றிய ஸ்டீவன்ஸ், பாமன் என்னும் இருவரும் இம்முறையை உலகிற்கு அறிவித்தனர்.

இக்கருவி இயங்கும் வகை யாது? சோடியம் கார்பனேட்டு முதலிய உப்புகள் கரைந்த நீரை ஒரு பம்பு இடைவிடாது செலுத்துகிறது. வழியில் ஒரு வால்வும், அதனோடு இணைந்த சிறு வளையக் குழாயும் உள்ளன. ஆய்வுக்குரிய நீர் இவ்வளையத்தில் அளவாக நிரப்பப்பட்டு ஓட்டத்தோடு சேர்க்கப்படுகிறது. பின்னர் அது நுண்ணிய பிசின் மணிகள் செறிந்த பிரிப்புக் குழலினுள் நுழைகிறது. ஒவ்வோர் அயனியும் அம்மணிகளை ஒவ்வோர் அளவிற் பற்றி நிற்கும். ஆதலின், புளோரைடு முன்னும், குளோரைடு, நைட்ரேட்டு, சல்பேட்டு என்பன பின்னுமாக வெளிவருகின்றன. மின்கடத்து திறனை அளக்கும் பகுதி அவற்றை முகடுகளாக வரைந்து காட்டுகிறது. முகடு தோன்றும் நேரம் அயனி இன்னதென உணர்த்தும். முகட்டின் பரப்பு அதன் அளவை உணர்த்தும்.

செறிந்த மணிகளினூடே நீரைச் செலுத்துவது எளிதன்று. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு. இக்கருவியிலோ அழுத்தம் 1,000 முதல் 3,000 பவுண்டு வரை இருப்பது வழக்கம். ஓட்டத்தைத் தடுத்து நிற்கும் இதனையே எதிர் அழுத்தம் என்பர். மருத்துவர்க்கு நோயாளியின் நாடி எவ்வாறோ, ஆய்வாளர்க்கு இவ்வழுத்தம் அவ்வாறாகும்.

அழுத்தம் வழக்கத்தினும் குறைந்தால் கசிவு உண்டோ என்று முதலில் ஐயுறல் வேண்டும். துளி சொட்டும் அளவிற்குக் கசிவு இராதாயினும் அதனைக் கண்டறிய வழியுண்டு. கசிந்த நீர் உலர்ந்த இடத்தில் வெள்ளிய உப்புப் பூத்திருக்கும். உலர்ந்த வடிதாளை ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தால் ஈரம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கசியும் இணைப்பைப் பம்பை நிறுத்தி, அழுத்தம் தணிந்த பின்னரே இறுக்க வேண்டும். அளவு மீறி இறுக்கினால் இணைப்பு நசுங்கிக் கசிவு பெருகும். பம்பின் தலைப்பகுதிக்குப் பின்னால் நீர் சொட்டினால், உந்துதண்டைச் சூழ்ந்த அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதனை மாற்றுதலே தக்கது. இணைப்புகள் யாவும் உலர்ந்திருந்தும் அழுத்தம் ஏறியிறங்குமாயின், பம்பினுள் காற்றுக்குமிழ் புகுந்திருக்கலாம். அன்றி, ஒருவழி வால்வில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

அழுத்தம் மிகுந்தால் எங்கோ அடைப்பு உளது என்பது பொருள். வடிகட்டாத நீரிலுள்ள துகள்களும், தேங்கிய கரைசலில் வளரும் நுண்ணுயிர்களும் அடைப்பை உண்டாக்கும். குழாயின் உட்டுளை சிறுத்தாலும் அழுத்தம் ஏறும். இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரான்சு நாட்டு மருத்துவர் புவாசேய் கண்ட விதிப்படி, துளையின் விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்த 16 மடங்கு அழுத்தம் வேண்டும்!

அடைப்பைத் தேடுவோர் கடைசியிலிருந்து முன்னோக்கி வருதல் வேண்டும். அளக்கும் பகுதியை முதலிற் கழற்றிவிட்டுப் பம்பை இயக்குக. அழுத்தம் வழக்கமான அளவிற்கு இறங்கினால் அடைப்பு அப்பகுதியிலேயே உளது. இறங்காவிடின், பம்பை நிறுத்தி அடுத்த பகுதியைக் கழற்றுக. இவ்வாறு ஒவ்வொன்றாய் நீக்கி வந்தால் குற்றமுள்ள இடம் புலனாகும். பிரிப்புக் குழலை நீக்கும்போது அழுத்தம் இயல்பாகவே பெரிதும் குறையும். ஆகவே, கருவி நன்னிலையில் இருந்தபோது ஒவ்வொரு பகுதிக்கும் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். பிரிப்புக் குழலுக்கு முன்னுள்ள காவற்குழல் துகள்களைத் தான் ஏற்றுக்கொண்டு அதனைக் காக்கிறது. காவற்குழல் அடைபட்டால் அதனை மாற்றிவிடலாம்.

அழுத்தம் எல்லை கடந்தால் பம்பு தானே நின்றுவிடுமாறு அமைத்துள்ளனர். சிலர் அடைப்பை நீக்காது அவ்வெல்லையை உயர்த்திவிட்டுப் பணியைத் தொடர்வர். இது காய்ச்சலைத் தணிக்காது வெப்பமானியை ஒளித்து வைப்பது போலாம்.

ஒரு சிறு துளிக்காக இத்துணை முயற்சி வேண்டுமோ என்று நீங்கள் வினவலாம். வளையக் குழாயில் கசிவு இருந்தால் ஆய்வுக்குரிய நீர் குறைவாகவே உட்செல்லும். புளோரைடின் முகடும் சிறுத்துத் தோன்றும். 2 மில்லிகிராம் உள்ள நீர் 1 மில்லிகிராம் உள்ளதாகக் கணக்கிடப்படலாம். தீய நீர் நல்ல நீர் எனச் சான்று பெறும். அதனை நம்பி ஊர்க் குழந்தைகள் பருகுவர். ஆய்வகத்தில் கவனியாது விட்ட துளி ஊரில் நோயாய் வந்து சேரும்.

ஆதலின், நல்ல ஆய்வாளர் காலையில் கருவியை இயக்கியவுடன் அழுத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதுவர். நீரை நுண் வடிகட்டியில் வடித்த பின்னரே செலுத்துவர். அளவு தெரிந்த கரைசலை முதலில் ஆய்ந்து, கருவி மெய் கூறுகின்றதா என்று பார்ப்பர். அதன் பின்னரே ஊரின் நீரை அளப்பர்.