நாயோட காதுக்குழாயையே எடுத்துடலாமா?

சிதம்பரத்துல இருந்து ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வீட்ல எட்டு வயசு காக்கர் ஸ்பேனியல். மூணு வருஷமா காதுல சீழ், நாத்தம். சொட்டு மருந்து போட்டா ரெண்டு வாரம் நல்லா இருக்கு, நிறுத்தினா திரும்ப வந்துடுது. இப்போ டாக்டர் காதுக்குழாயையே மொத்தமா எடுத்துடணும்னு சொல்லிட்டாராம். "இது சிகிச்சையா, கொடுமையா?"னு கேக்குறாங்க.

நான் வெட்னரி டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆளு. ஆனா இதைப் பத்தி உட்கார்ந்து படிச்சேன். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: காது அந்தக் கட்டத்துக்குப் போயிடுச்சுன்னா, எடுக்காம விடறதுதான் கொடுமை. ஆனா எல்லா காதும் அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல.

நம்ம காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ., கிட்டத்தட்ட நேரா உள்ள போகும். நாய், பூனைக்கு அப்படி இல்ல. முதல்ல செங்குத்தா கீழ இறங்கி, அப்புறம் உள்பக்கமா திரும்பி செவிப்பறைக்குப் போகும். எல் வடிவத்துல இருக்கிற பிளம்பிங் பைப்புனு வெச்சுக்கோங்க. அழுக்கும் ஈரமும் அந்த வளைவுல தங்கும். மேல தொங்குற காது மூடிக்கிட்டா காத்தும் போகாது. கடலூர்ல வருஷம் பூரா புழுக்கம். தேவனாம்பட்டினம் பீச்சுல லாப்ரடாரைக் குளிக்க விட்டுட்டு, காதைத் துடைக்காம கூட்டிட்டு வந்தா ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்துதான்.

ஆனா ஈரம் மட்டும் காரணம் இல்ல. திரும்பத் திரும்ப வர்ற காதுப் புண்ணுக்குப் பின்னாடி நிறைய நாய்களுக்குத் தோல் அலர்ஜி இருக்கும். காதோட சேர்த்து பாதத்தையும் நக்கிட்டே இருந்தா சந்தேகப்படுங்க. அலர்ஜியை விட்டுட்டு சொட்டு மருந்து மட்டும் போடறது, லாக்கைப் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. நாலு நாள் ஓடும்.

அப்படியே வருஷக்கணக்குல ஓட்டினா என்ன ஆகும்? குழாயோட தோல் தடிச்சு, சுரப்பிகள் வீங்கி, துவாரம் அடைச்சுக்கும். சுத்தி இருக்கிற குருத்தெலும்பு நாளடைவுல சுண்ணாம்பு ஏறி கல்லு மாதிரி ஆயிடும். செவிப்பறை கிழிஞ்சு, அதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்புக் குமிழுக்குள்ள சீழ் இறங்கும். இதை டாக்டர்கள் புல்லான்னு சொல்வாங்க. அது தாடை மூட்டுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால, சில நாய்கள் வாயைத் திறக்கவே கத்தும், கெட்டியான சாப்பாட்டை ஒதுக்கும். வீட்ல "வயசாயிடுச்சு, அடம் பிடிக்குது"ன்னு நினைச்சுப்போம். அது வலி. இந்த நிலைமையில மருந்து உள்ள போக வழியே கிடையாது.

ஆபரேஷன்லயும் படிகள் இருக்கு. சின்னது, காது மடல்ல ரத்தம் கட்டறது. அரிப்புல தலையை உதறி உதறி உள்ள ரத்தக்குழாய் உடைஞ்சு, மடல் பூரி மாதிரி உப்பிடும். கீறி ரத்தத்தை வெளியேத்தி, திரும்ப இடைவெளி விழாம தையல் போடுவாங்க. விட்டா மடல் சுருங்கி கோணிக்கும். உதற வெச்ச காரணத்தையும் சேர்த்துப் பார்க்கணும், இல்லன்னா அடுத்த காதும் உப்பும்.

அடுத்தது 1949-ல ஸெப் என்கிற டாக்டர் எழுதின முறை. செங்குத்துக் குழாயோட வெளிச்சுவரைத் திறந்து கீழ மடிச்சு, காத்தும் வடிகாலும் கிடைக்கிற மாதிரி பண்றது. கேக்க அழகா இருக்கு. ஆனா உள்குழாய் கெட்டுப்போயிருந்தா பிரயோஜனம் இல்ல. காக்கர் ஸ்பேனியல்ல இது நிறைய தோத்துப்போகுதுன்னு பல வருஷமா தெரிஞ்ச விஷயம். அதனாலதான் சிதம்பரம் டாக்டர் நேரா பெரிய ஆபரேஷனைச் சொல்லியிருப்பார்னு தோணுது.

அந்தப் பெரிய ஆபரேஷன் பேர் சுருக்கமா டீகா. செங்குத்துக் குழாய், உள்குழாய் ரெண்டையும் மண்டை எலும்பு வரைக்கும் எடுத்துட்டு, புல்லாவைத் திறந்து உள்ளே சுரண்டி சுத்தம் பண்ணுவாங்க. காது மடல் அப்படியே இருக்கும். பார்த்தா ஆபரேஷன் ஆன நாய்னு பெரும்பாலும் தெரியாது. ரிஸ்க் இருக்கு, மறைக்கக் கூடாது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் குழாயை ஒட்டித்தான் போகுது. அது அடிபட்டா கண் சிமிட்ட முடியாது. பல நேரம் சில வாரங்கள்ல சரியாகும், சிலதுக்கு நிரந்தரம். அதுவரை கண்ணுக்கு மருந்து போடணும். தலை சாய்ஞ்சு நடக்கலாம். உள்ள கொஞ்சம் திசு மிச்சம் இருந்தா மாசங்கள், வருஷங்கள் கழிச்சுகூட சீழ் வெளிய வரும். அதனால இது கை பழகின சர்ஜன் பண்ண வேண்டிய வேலை.

காது கேக்குமா? அந்தப் பக்கம் பெரும்பாலும் கேக்காது. ஆனா அடைஞ்சுபோன காதுல ஏற்கெனவே எவ்வளவு கேட்டிருக்கும்? ரெண்டு காதும் எடுத்த நாயைக் கயிறு இல்லாம வெளிய விடாதீங்க. மேல வீதியில பின்னாடி வர்ற பைக் ஹாரன் அதுக்குக் கேக்காது.

பூனை கதை வேற. சின்ன வயசுப் பூனைக்கு நடுக்காதுல இருந்து பாலிப்னு ஒரு சதை வளரும், காதுக்குழாய்லயோ தொண்டைக்குப் பின்னாடியோ எட்டிப் பார்க்கும். மூச்சுல சத்தம், தலைச் சாய்வு வரும். மயக்கம் கொடுத்துப் பிடிச்சு இழுத்து எடுக்கலாம், ஆனா திரும்ப வளர வாய்ப்பிருக்கு. தாடைக்கு அடியில கீறி புல்லாவைத் திறந்து எடுத்தா அந்த வாய்ப்பு குறையும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கண்மணி சுருங்கி, இமை தொங்கலாம். பயப்படாதீங்க, பெரும்பாலும் சில வாரத்துல சரியாகும். வெள்ளைப் பூனைக்கு இன்னொரு ஆபத்து: வெயில்ல காது நுனியில ஆறாத பொருக்கு. அது புற்றுநோயா இருக்கலாம். சீக்கிரம் மடலை வெட்டி எடுத்தா காப்பாத்திடலாம்.

இடையில ஒண்ணு. தெருநாயோட காதுல வெட்டு இருந்தா அது நோய் இல்ல, கருத்தடை ஆனதுக்கான அடையாளம். அதைப் பார்த்துப் பதறாதீங்க.

எங்க போறது? மடல்ல ரத்தம் கட்டினதை உள்ளூர் டாக்டரே பார்க்கலாம். டீகாவுக்கு ஸ்கேன், நல்ல மயக்க மருந்து வசதி, அனுபவம் எல்லாம் வேணும். கடலூர்ல இருந்து பாண்டிச்சேரி குரும்பாபேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரத்தநாடு கல்லூரி. பெரிய இடம்னா சென்னை வேப்பேரி, 1903-ல ஆரம்பிச்சது. எங்க போனாலும் இந்த ஆபரேஷன் பண்றாங்களான்னு முதல்ல போன் போட்டுக் கேளுங்க.

அந்த நாள் வர்ற வரைக்கும் காய்ச்சின எண்ணெய், பட்ஸ் ரெண்டும் வேண்டாம். மிச்சம் இருக்கிற பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்துகள் உள்காதையே கெடுத்துடும். ஆனா அந்த பாட்டில்களைத் தூக்கிப் போடாதீங்க, சீட்டுகளோட சேர்த்து ஒரு பையில எடுத்துட்டுப் போங்க. மூணு வருஷமா எதெல்லாம் வேலை செய்யலன்னு டாக்டர் முதல்ல பார்க்கப் போறது அதைத்தான்.