தள்ளாடும் குட்டிக்கு வீடு தருமுன்

கண் தெரியாத, கால் இழந்த, நடக்கையில் சரிந்து விழுகிற பூனைக்குட்டிகளை மீட்புக் குழுக்களிடமிருந்து தத்தெடுக்கப் பலர் முன்வருகிறார்கள். படத்தைப் பார்த்ததும் மனம் இளகி, அன்று மாலையே போய்த் தூக்கி வந்துவிடுபவர்களும் உண்டு. அந்த மனம் பெரிது. ஆனால் அதே குட்டியைச் சில வாரங்களில் திருப்பிக் கொண்டுவந்து விடுபவர்கள் சொல்வது, “இவ்வளவு பாடு இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே” என்பதுதான். குழு சொல்லியிருக்க வேண்டும். எடுத்தவர் கேட்டிருக்கவும் வேண்டும். குட்டியின் உடல்நிலையை முழுதாகத் தெரிந்துகொள்வது தத்தெடுப்பவரின் முதல் உரிமை. அதைக் கேட்டு வாங்கத் தயங்கினால் பாதிக்கப்படுவது குட்டிதான்.

தள்ளாடும் குட்டியை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பேன்லுகோபீனியா வைரஸ் தொற்றினால், வயிற்றில் இருக்கும் குட்டியின் சிறுமூளை சரியாக வளராமல் போகலாம். குட்டி நடக்கத் தொடங்கும்போதுதான் இது வெளியே தெரியும். கால்களை அகட்டி வைக்கும், தலை ஆடும், கிண்ணத்தில் வாய் வைக்கப் போகும்போது நடுக்கம் கூடும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் குட்டிக்கு வலி இல்லை. நாளாக ஆக முற்றுவதும் இல்லை. விளிம்பு உயர்ந்த மணல் தொட்டி, வழுக்காத பாய், பால்கனிக்கு வலை என்று செய்துகொடுத்தால் இந்தக் குட்டிகள் நன்றாகவே வாழ்கின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, “ஆட்டம் எப்போது தொடங்கியது?” என்பது. பிறவியிலிருந்தே இருந்தால் ஒன்று. போன வாரம்தான் தொடங்கியது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது வேறு நோய். விஷம், மூளைத் தொற்று, தெருவிலிருந்து வந்த குட்டியென்றால் வெறிநோய்கூட இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தராமல் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது.

வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால்கள் செயலிழந்த குட்டியின் கதை வேறு. பலவற்றுக்குத் தானாகச் சிறுநீர் போகாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிற்றை இதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் அந்த வேலை இருக்கும். தவறினால் தொற்று வரும், சிறுநீரகம் கெடும். படத்தில் சக்கர வண்டியோடு துள்ளும் குட்டியைப் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. காப்பகத்தில் மருத்துவரோ பராமரிப்பவரோ அழுத்திக் காட்ட, நீங்களே அவர்கள் முன் செய்து பழகியபின் முடிவெடுங்கள். பார்வை இல்லாத குட்டி இந்த அளவுக்குச் சிரமம் தராது. மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தால் வீட்டை மனப்பாடம் செய்துகொள்ளும்.

குட்டியின் சோதனைச் சீட்டில், பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸுக்குப் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தத்தில் சில மாதங்கள் தங்குவதால், ஆறு மாத வயதுக்கு மேல் மறுபடி சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இந்த வைரஸும் பூனை ரத்தப்புற்று வைரஸும் மனிதர்களுக்குத் தொற்றாது. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் அதற்குத் தொற்றலாம். அதையும் சோதியுங்கள், வழக்கமான தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள், புதுக் குட்டியைச் சில வாரம் தனி அறையில் வையுங்கள்.

வீட்டிலேயே இருக்கும் ஆபத்துகளில் பெரிது பினாயில். பீனால் வகைக் கிருமிநாசினியை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தள்ளாடும் குட்டியோ, உடலை இழுத்து நகரும் குட்டியோ துடைத்த ஈரத்தரையில் படுத்துப் புரண்டு, பிறகு உடம்பை நக்கும். மற்றப் பூனைகளை விட இவற்றுக்கு ஆபத்து அதிகம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள், தரைக்கு வெந்நீரும் சோப்பும் போதும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலில் ஒரு மாத்திரைகூடக் கொன்றுவிடும். நாய்களுக்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தொட்டியை வேறொருவர் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்து, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினமும் அள்ளிவிட்டால் பெரும் பயம் இல்லை. குட்டி கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். “சின்னக் குட்டிதானே” என்று விடக் கூடாது.

இனிச் சட்டம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வளர்ப்பவர் உணவு, நீர், இருப்பிடம் தராமல் விடுவதும், பசியால் தாகத்தால் வாடும்படி கைவிடுவதும் இந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். தத்தெடுத்த குட்டி சுமையாகிவிட்டதென்று மீன் சந்தையில் இறக்கிவிட்டு வருபவருக்கும் இது பொருந்தும். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஒரு டீ, இரண்டு வடை விலைக்கு ஒரு உயிரைத் தெருவில் விடலாம் என்று ஆகிவிட்டது. இதைத் திருத்தாமல் இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்திருப்பது பெரிய அநியாயம். கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கைவிடுதலுக்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. முடமாக்கினால் பதியலாம். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

அடுக்குமாடிச் சங்கம் “இங்கே பூனை கூடாது” என்று சொல்ல முடியாது. பெரும்பான்மையோர் கையெழுத்திட்டாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இலவசமாகத் தத்துக் கொடுக்கும் குழு நோயை மறைத்தால் நுகர்வோர் நீதிமன்றத்தை நம்ப முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவச சேவையைச் சேவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆகவே தத்து உடன்படிக்கைதான் உங்களுக்குத் துணை. சோதனை முடிவுகள், போட்ட தடுப்பூசிகள், கருத்தடை யார் செலவில், சிகிச்சை எதுவரை குழுவின் பொறுப்பு, முடியாமல் போனால் குட்டியைத் திரும்ப ஏற்பார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பார்க்கும் முன்பே வண்டிச் செலவுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடியாக இருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு சென்னை வேப்பேரியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. தயக்கம் இன்னும் இருந்தால், தத்தெடுக்காமல் சில வாரம் ஃபாஸ்டராக வைத்துப் பார்க்க முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள். குட்டிக்கும் ஒரு கூடு கிடைக்கும், உங்களால் முடியுமா என்பதும் தெரிந்துவிடும்.