மூர் படைக்கு எத்தனை நிறம்?

மேசைப் போர் விளையாட்டுக்கென்று 28 மில்லிமீற்றர் உயரத்தில் வீரர் உருவங்கள் விற்பனைக்கு உண்டு. வாங்கி, ஒட்டி, நிறம் பூசி அணிவகுக்க வேண்டும். 'மூர்' படை பூசுவோர் கன பேர், எல்லாருக்கும் ஒரே வெள்ளை அங்கி, ஒரே கபில முகம் என்று வேலையை முடித்துவிடுவார்கள். மூர் என்றால் ஒரே சனம் என்ற நினைப்புத்தான். ஐபீரிய முஸ்லிம்களுக்கு வழங்கிய அந்தப் பெயரையே போர்த்துக்கேயர் இலங்கையில் நமக்கும் வைத்தார்கள். ஆகவே இது நம்மையும் தொடுகிற விசயம்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். 1086இல் ஸல்லாக்காவில் யூசுப் இப்னு தாஷுபீன் நடத்திய முராபித்துப் படையென்றால், ஸன்ஹாஜா பெர்பர்களுக்கு முகத்திரை வேண்டும். கறுப்பினக் காவற்படையும் முரசுகளும் வேண்டும். கூட நின்ற அந்தலுஸ் வீரர்களுக்கு வேறு உடை. 15ஆம் நூற்றாண்டுக் கிரனாடா என்றால், குட்டையான அங்கவடியில் கால் மடித்த இலகு குதிரைவீரர், கையில் தோற்கேடயம்.

முகத்துக்குக் குறைந்தது மூன்று நிறமாவது கலந்து வையுங்கள். வெள்ளைத் துணிக்கு நேரே வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். சாம்பலில் தொடங்கி, மடிப்புகளை விட்டு, மேட்டில் மட்டும் வெள்ளை தொடுங்கள்.

கொடியில் அரபு மாதிரி எதையாவது கிறுக்க வேண்டாம். 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்ற நஸ்ரிகளின் வாசகம் அல்ஹம்றாச் சுவர்களில் இன்றும் இருக்கிறது. கிரனாடாப் படைக்கு அதைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதலாம்.