காற்றுக்கோர் ஆமைப்பூட்டு

சென்ற மாதம் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவர் மகனுக்கு, மாமனார் முறையான ஒருவர் தமது பழைய மடிக்கணினியைக் கொடுத்திருந்தார். வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் யாவும் கம்பியில்லா வலையமைப்பில் இணைய, அக்கணினி மாத்திரம் மறுத்தது. ரவுட்டரில் பாதுகாப்பு முறையை டபிள்யூ.ஈ.பி. என மாற்றினாற் சரியாகிவிடும் என நண்பன் ஒருவன் சொல்ல, பையன் அவ்வாறே செய்தான். கணினியும் இணைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்குத்தான் பகீரென்றது. ஒரு பழங்கணினிக்காக வீடு முழுவதன் பூட்டும் மாற்றப்பட்டுவிட்டதே!

அலைகளுக்கு மதிலும் தெரியாது, வேலியும் தெரியாது. கூடத்திலிருந்து நாம் அனுப்புவது தெருவில் நிற்பவனையும் எட்டும். அதனை அவன் விளங்கிக்கொள்ளாதபடி தடுப்பது மறைக்குறி ஒன்றே.

டபிள்யூ.ஈ.பி. என்பது 1997ஆம் ஆண்டு வெளிவந்த முதல் நியமத்துடன் பிறந்த பூட்டு. அதன் திறப்பு ஐந்தெழுத்து, அல்லது பதின்மூன்றெழுத்து. அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் எண்ணை இத்திறப்புடன் சேர்த்து, அச்சேர்க்கையிலிருந்து மறைக்குறியை உண்டாக்குவார்கள். அவ்வெண் வெளிப்படையாகவே செல்லும், அதிற் குற்றமில்லை. குற்றம் அதன் சிறுமையிலேயே இருந்தது. அதற்கு 24 இரும இலக்கங்களே ஒதுக்கப்பட்டமையால், 16,777,216 எண்களுக்கு மேல் கிடையா. பெருந்தொகை போலத் தோன்றும். ஆனால் எழுந்தமானமாக எடுத்தால், ஏறக்குறைய 5,000 பொதிகளுக்குள்ளேயே ஓர் எண் மறுபடியும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. (நிகழ்தகவு படிக்கும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.) ஒரே மறைக்குறியால் மூடிய இரு செய்திகளை ஒப்பிட்டால், அவை ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

2001இல் ஃபுளூரர், மன்டின், ஷமீர் என்னும் மூவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, திறப்பே சிறிது சிறிதாகக் கசிவதை நிறுவினர். 2007இல் ஜேர்மனியின் டாம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர், 40,000 பொதிகளைக் கொண்டு பதின்மூன்றெழுத்துத் திறப்பையும் இரண்டுக்கு ஒரு தடவை கண்டுபிடிக்கலாம் எனக் காட்டினர். அதற்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை.

இதற்குள் மாற்றுப் பூட்டுகள் வந்துவிட்டன. 2003இல் வந்த டபிள்யூ.பி.ஏ., பழைய அட்டைகளிலும் இயங்குமாறு செய்த ஒட்டுவேலை. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, ஏ.ஈ.எஸ். என்னும் வலிய மறைக்குறியைக் கொண்டது. 2006 மார்ச் முதல், வைஃபைச் சான்றிதழ் பெறும் புதிய கருவி ஒவ்வொன்றுக்கும் அது கட்டாயமாயிற்று.

பையனுடைய கணினியிலிருந்த வலையமைப்பு அட்டையின் விபரங்களைத் திறந்து பார்த்தோம். பாதுகாப்புப் பட்டியலில் டபிள்யூ.பி.ஏ.2 இல்லை. அட்டையின் ஆண்டை நோக்கினால் அஃது இருந்திருக்க வேண்டும். பழையது அட்டையன்று, அதனை இயக்கும் மென்பொருளே. தயாரிப்பாளரின் பிந்திய பதிப்பை ஏற்றியதும் அப்பெயர் பட்டியலில் வந்தது. ரவுட்டரையும் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.ஈ.எஸ். என மாற்றினோம். வராதிருந்தால், பெருவிரலளவு யு.எஸ்.பி. அட்டை ஒன்றை வாங்கச் சொல்லியிருப்பேன். பூட்டைத் தாழ்த்த மாத்திரம் விட்டிருக்கமாட்டேன்.

கடவுச்சொல் கேட்டபோது தகப்பனார் தமது கைத்தொலைபேசி எண்ணைச் சொன்னார்! டபிள்யூ.பி.ஏ.2இன் பலவீனம் இங்கேதான். கருவியொன்று ரவுட்டருடன் இணையும் வேளையில் நிகழும் முகமனைப் பதிந்துகொண்டு போனால், திருடன் தன் வீட்டிலிருந்தே ஊகிக்கலாம். 07 என்பதற்குப் பின் வரும் எட்டு இலக்கங்கள் பத்துக்கோடி வகைப்படும். நல்ல வரைகலை அட்டை பூட்டிய இன்றைய கணினிக்கு அது சில நிமிட வேலை. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இவ்வழியை அடைத்துவிட்டது. ஆயினும் அந்த ரவுட்டர் அதனை அறியாது.

கடவுச்சொல் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைப் பையனே தெரிந்தெடுத்தான், முப்பத்தோரெழுத்து. தகப்பனார் தம் கைத்தொலைபேசியில் அதனைத் தட்டி முடிக்குமுன் மூன்று தடவை பிழைவிட்டார்.