4எச் விளக்கு அணையாதபோது: டயர் முதல் ப்ரீதர் குழாய் வரை ஒரு கணக்கு

ஐந்து கதவு மாருதி சுஸுகி ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ.; குறைந்தபட்சத் திருப்ப ஆரம் 5.7 மீட்டர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தால் முன் ஆக்சிலின் நடுப்புள்ளி சுமார் 31.96 மீட்டர் ஓடுகிறது. பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 27.51 மீட்டர்தான். வித்தியாசம் 4.45 மீட்டர், 16.2 சதவீதம். 195/80 ஆர்15 டயரின் சுற்றளவு 2.18 மீட்டர். எனவே ஒவ்வொரு வட்டத்திலும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சராசரியாக இரண்டு சுற்று கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். 2எச்-இல் (இரு சக்கர இயக்கம்) இதற்குத் தடையில்லை. 4எச்-இல் (நான்கு சக்கர இயக்கம்) டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் அந்த இரண்டு சுற்றுக்கு இடமே கிடையாது.

சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது, ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கும். முறுக்கு இருக்கும்வரை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் ஸ்லீவ் பல்லிலிருந்து கழன்று வராது. லீவர் 2எச்-க்கு வந்துவிடும், டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டோ சிமிட்டிக்கொண்டோ இருக்கும். காட்டுப்பாதை முடிந்து சாலையில் ஏறி, இறுக்கமான இரண்டு மூன்று திருப்பங்களைக் கடந்தபின் விளக்கு அணையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் முறுக்கு விடும். செலவு 0 ரூபாய். வீல்பேஸ் குறைந்தால் பிரச்சினை குறையும் என்று எண்ணத் தோன்றும், மூன்று கதவு ஜிம்னிக்கு (2,250 மி.மீ. வீல்பேஸ், 4.9 மீட்டர் ஆரம்) இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் 17.4 சதவீதமாகக் கூடுகிறது. வண்டி குட்டையாக இருப்பதோடு அது இன்னும் இறுக்கமாகவும் திரும்புகிறது.

திருப்பமே இல்லாத நேர்ச்சாலையிலும் இந்த முறுக்கு ஏறும். புது டயரின் பட்டன் ஆழம் 8 மி.மீ. என்று கொள்வோம், சட்டப்படி மிஞ்சியிருக்க வேண்டிய குறைந்தபட்சம் 1.6 மி.மீ. முன்னால் தேய்ந்த ஜோடியும் பின்னால் புது ஜோடியும் இருந்தால் விட்டம் 680.2 மி.மீ.க்கும் 693 மி.மீ.க்கும் இடையில் பிரிகிறது: 1.85 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குத் தேய்ந்த டயர் 468.0 சுற்று, புதியது 459.3 சுற்று. வித்தியாசம் சுமார் 8.6 சுற்று. முதல் பத்தியின் முழு வட்டம் தந்த இரண்டு சுற்று, இங்கே வெறும் 240 மீட்டரில் சேர்ந்துவிடுகிறது. சுமை ஏறிய டயர் அச்சிட்ட அளவைவிடச் சற்றுக் குறைவாகவே உருளும் என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியது விகிதம், அது பெரிதாக மாறாது.

ஸ்டெப்னி இன்னொரு வழி. நான்கு சக்கரங்களுக்கும் 215/75 ஆர்15 மாட்டிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய 195/80-இலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. விட்டம் 703.5 மி.மீ.க்கு எதிராக 693 மி.மீ., அதாவது 1.5 சதவீதம். காட்டில் ஒரு டயர் பஞ்சராகி ஸ்டெப்னி ஏறினால் அந்த ஆக்சிலின் சராசரியில் பாதிதான், 0.75 சதவீதம்தான், குறையும். வீல் ஸ்பீடு சென்சாருக்குத் தெரிவதோ முழு 1.5 சதவீதம்.

(மேற்சொன்னது பகுதிநேர நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு. நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள முழுநேர வண்டிகளில் முறுக்கு இப்படி ஏறாது.)

எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணுவதும் ஓர் அளவீடே. நான்கு சக்கர விளக்கு மட்டும் என்றால் தேட வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ், ஹப், அவற்றின் ஸ்விட்ச், ஒயர். அதோடு ஏபிஎஸ், ஈஎஸ்பி விளக்குகளும் சேர்ந்து மூன்றாகிவிட்டால் பெரும்பாலும் சக்கரத்தருகே ஒரு சென்சார், அல்லது வண்டி முழுவதற்குமான மின்னழுத்தம். ஜிம்னியில் பிரேக் மூலம் இயங்கும் வழுக்கல் தடுப்பும் இதே நான்கு சென்சார்களை நம்பியே நிற்கிறது. ஒரு சென்சார் விழுந்தால் மூன்று வேலைகள் நிற்கும். லீவரால் போடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் தன்பாட்டுக்கு இயங்கும்.

சென்சார் எண்ணுவது துடிப்புகளை. பல்வளையத்தில் 48 பல் என்று கொண்டால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 2.55 சுற்று, அதாவது சுமார் 122 துடிப்பு. இரண்டு பற்களுக்கு நடுவே கூழாங்கல்லோ காய்ந்த களிமண்ணோ இறுகி ஒரு துடிப்பு மறைந்தால் 48-க்குப் பதில் 47, வேகம் 2.08 சதவீதம் குறைவாகத் தெரியும். தேய்ந்த டயர் தருவது 1.85, மாற்று ஸ்டெப்னி தருவது 1.5. மூன்றும் 0.6 சதவீதப் புள்ளிக்குள் அடங்கிவிடுகின்றன. வித்தியாசத்தின் அளவை மட்டும் பார்த்து மண்ணா டயரா என்று பிரிக்க முடியாது. துடிப்பு சீராக வருகிறதா, சுற்றுக்கு ஒருமுறை தடுமாறுகிறதா என்று ஸ்கேனரின் வரைபடத்தில் பார்த்தால் பிரிக்கலாம். வரைபடம் இல்லாத பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து, துணியால் துடைத்துப் பார்ப்பதே போதும்.

துடைப்பதற்குப் பதில் பிரஷர் வாஷ் அடிப்பது வழக்கம். ஐபி67 தரக் கனெக்டர் என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். அந்த ஆழத்து அழுத்தம் 9.8 கிலோபாஸ்கல். 100 பார் வாஷர் பம்ப்பின் அழுத்தம் 10,000 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 1,000 மடங்கு. நாசிலை விட்டு வெளியே வந்ததும் அது வெகுவாகக் குறையும். ஆனாலும் ஐபி67 சோதனை பீய்ச்சும் நீருக்கானதே அல்ல. காட்டில் எரியாத விளக்கு, வண்டியைக் கழுவிய மறுநாள் காலை எரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கனெக்டரைச் சோதிப்பவர்கள் செய்யும் தவறு, மல்டிமீட்டரை ஓம்-இல் வைத்து அளப்பது. பச்சைபிடித்த ஒரு முனை 0.5 ஓம் காட்டுகிறது என்போம். சாதாரண மீட்டரின் ஒயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டக்கூடியவை; அளவு வந்தும் ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரால் பூட்டும் வண்டியில் அதே முனை வழியாக ஆக்சுவேட்டர் மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கும்போது 0.5 ஓம் தின்பது 2.5 வோல்ட். முழு சார்ஜ் உள்ள 12.6 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கிடைப்பது 10.1 வோல்ட், 20 சதவீதம் வழியிலேயே போயிற்று. மோட்டார் அசையும், ஆனால் ஸ்லீவைக் கடைசிவரை தள்ளாமல் நிற்கலாம். எனவே அளக்க வேண்டியது சுமை ஓடும்போது முனையின் இருபுறமும் விழும் வோல்ட்டை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்த முனையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பேட்டரியே ஓய்வில் 12.0 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் முனைகளைத் தொடும் முன் அதைச் சார்ஜ் செய்ய வேண்டும். வின்ச்சை இழுத்த மாலையில் இது அபூர்வமல்ல.

ஜிம்னியின் முன் ஹப்கள் மோட்டாரால் அல்ல, இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பூட்டுபவை. எனவே இங்கே எண்ண வேண்டியது கிலோபாஸ்கலை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101.3. ஐடிலில் பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டுக்குள் 35 என்று கொண்டால், ஹப்பை இழுக்கக் கிடைப்பது 66.3. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் காற்றழுத்தம் 65.8, அதே 35-ஐக் கழித்தால் மிச்சம் 30.8, கடல்மட்டத்தின் 46 சதவீதம். கர்துங் லா கணவாயில் (5,359 மீட்டர்) காற்றழுத்தம் சுமார் 51.5, மிச்சம் 16.5, நான்கில் ஒரு பங்கு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது இதுவும் இராது; ஒருவழி வால்வுக்குப் பின்னால் தேங்கிய வெற்றிடம்தான் தாங்க வேண்டும். மேனிஃபோல்டின் 35 என்பது தோராயம், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். இருந்தாலும் திசை தெளிவு: சமவெளியில் விளக்கைச் சிமிட்ட வைக்காத ஒரு ஹோஸ் வெடிப்பு, லடாக்கில் சிமிட்ட வைக்கலாம். கையால் இயக்கும் வெற்றிடப் பம்ப்பை இடது, வலது ஹோஸ்களில் தனித்தனியே மாட்டி ஊசி இறங்குகிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நின்றால் ஹப்களை விட்டுவிட்டு சோலனாய்டு வால்வுக்குப் போகலாம்.

நீரைக் கடந்தபின் வரும் விளக்குக்குத் தனிக் கணக்கு உண்டு; என் எண்ணத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். மலையேறிய ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று 80 டிகிரி செல்சியஸ், ஓடைநீர் 25 டிகிரி என்று கொள்வோம். கெல்வினில் 353-லிருந்து 298. மூடிய இடத்தில் அந்தக் காற்றின் அழுத்தம் 15.6 சதவீதம் விழும்: 15.8 கிலோபாஸ்கல், அல்லது 1.61 மீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தம். மஹிந்திரா தார் கடக்கக்கூடியதாக அறிவிக்கப்பட்ட நீராழம் 650 மி.மீ. 255/65 ஆர்18 டயரின் ஆரம் 394 மி.மீ. என்பதால், அந்த ஆழத்திலும் ஆக்சில் நடுவுக்கு மேலே நிற்கும் நீர் 256 மி.மீ.; அது தரும் அழுத்தம் 2.5 கிலோபாஸ்கல். நீரை உள்ளே தள்ளும் ஆழத்தைவிட நீரை உள்ளே இழுக்கும் குளிர்ச்சி 6.3 மடங்கு வலியது. இது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாய் அடைபட்டிருந்தால் மட்டுமே. திறந்திருந்தால் நீருக்குப் பதில் காற்று உள்ளே போய் அழுத்தம் சமமாகிவிடும். கரையில் நிறுத்தி ஆக்சிலை 80-லிருந்து 50 டிகிரிக்கு ஆறவிட்டால் இழுப்பு 7.8 கிலோபாஸ்கலாக, ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

ஜிம்னி ஹப்பில் கணக்கு இன்னும் கடுமை. வெற்றிடம் முழுதாக நிற்கும் நேரத்தில் தேய்ந்த ஒரு சீலுக்கு இருபுறமும் உள்ள வித்தியாசம் 66.3 கிலோபாஸ்கல்; 6.8 மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தியதற்குச் சமம். முழங்கால் அளவு நீரே போதும். தாரில் முன் ஆக்சிலை இணைக்கவும் பிரிக்கவும் மின்சார ஏற்பாடு இருப்பதால், உள்ளே போன நீர் ஆயிலோடு நின்றுவிடாமல் ஸ்விட்சையும் எட்டலாம். ஆக்சிலின் நிரப்பு போல்ட்டைக் கழற்றி விரல் நுனியில் ஆயிலைப் பார்ப்பதற்கு ஒரு ஸ்பேனர் போதும். பால் கலந்த நிறத்தில் இருந்தால் விளக்கைப் பற்றிய விசாரணையை நிறுத்திவிட்டு ஆயிலை மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும்.

கோளாறுக் குறியீடுகள் நான்கு பிரிவில் வரும்: இன்ஜின்-கியர்பாக்ஸ், அடிச்சட்டம், உடற்பகுதி, தகவல் இணைப்பு. மலிவான புளூடூத் ரீடர்களில் பல முதல் பிரிவை மட்டுமே படிக்கின்றன. இடது முன் சக்கர சென்சாருக்கான சி0035, வலது முன் சக்கரத்துக்கான சி0040 ஆகியவை இரண்டாம் பிரிவு. நான்கு சக்கர கிளட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு0114 நான்காம் பிரிவு. ரீடர் ‘குறியீடு ஏதுமில்லை’ என்று காட்டினால் நான்கில் ஒரு பிரிவில் இல்லை என்றே பொருள்கொள்ள வேண்டும்.

பாகத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் வரியையும் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்; அதற்குமுன் ஆக்சில், கியர்பாக்ஸ் வகைப் பாகங்களுக்கு 28. அடிப்படை விலை 20,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் பில் 25,600-லிருந்து 23,600 ஆக, 7.8 சதவீதம் குறைகிறது. கூலிக்கு முன்பும் இப்போதும் 18. ஒரு ஹப் கசியும்போது சோதிக்காமல் இரண்டையும் மாற்றினால், வரிக்குறைப்பில் மிச்சமான 2,000 ரூபாயைப்போல் கிட்டத்தட்ட 12 மடங்கு தேவையில்லாத இரண்டாவது ஹப்புக்குப் போகிறது.

வாரண்டியில் கிலோமீட்டரைவிட ஆண்டுதான் முதலில் தீரும். மாருதி சுஸுகியின் அடிப்படை வாரண்டி 2024 ஜூலை 9 முதல் 2 ஆண்டு/40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு/1,00,000 கி.மீ. ஆயிற்று. தூரம் 2.5 மடங்கு, காலம் 1.5 மடங்கு. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் வண்டி 1,00,000-ஐத் தொட 8 ஆண்டு 4 மாதம் ஆகும். 3 ஆண்டில் அது 36,000-இல்தான் நிற்கும். அதற்குக் கிடைத்த உண்மையான கூடுதல் 12 மாதம். ஜிம்னி விற்பனைக்கு வந்த 2023 ஜூனில் எடுத்த வண்டிக்கு அடிப்படை வாரண்டி 2025 ஜூனோடு முடிந்தது. 2024 ஜூலை நடுவில் எடுத்ததற்கு 2027 ஜூலை நடுவரை. இரண்டிலும் அது உற்பத்திக் குறைக்கு மட்டுமே. பால்நிற ஆயிலோடு போனால் பேச்சு முதலில் ப்ரீதர் குழாயிலிருந்துதான் தொடங்கும்.